அருளும் முயற்சியும்

உழைத்தவனுக்கே ஊதியம் என்பது உலகம் ஒப்பிய முறை. வகுப்பறைக் கரும்பலகையின் மேல் எழுதப்படும் பொன்மொழிகளுள் பெரும்பாலானவை முயற்சியைப் போற்றுவனவே. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தை மனனம் செய்து வளரும் தமிழ் மாணவனுக்கு முயற்சி என்பது கல்வியின் முதற்பாடம். அதே நூலில் ஊழ் என்றோர் அதிகாரமும் உண்டு என்பதை ஆசிரியர்கள் அவ்வளவாக வற்புறுத்துவதில்லை. அதில் தவறும் இல்லை. பத்து வயதுச் சிறுவனிடம் ஊழைப் பற்றிப் பேசினால் அவன் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுவான்.

இத்தகைய பயிற்சியோடு கிறிஸ்தவ வேதத்தைத் திறப்பவன் ஓரிடத்தில் திகைத்து நிற்க நேர்கிறது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சத் தோட்டத்திற்குக் கூலியாட்களை அமர்த்திய எஜமான் ஒருவனின் உவமை வருகிறது. விடியலில் வந்தவன் நாள் முழுவதும் வெயிலைச் சுமந்து உழைத்தான். மாலையில் வந்தவன் ஒரு மணி நேரமே உழைத்தான். இருவருக்கும் ஒரே கூலி. விடியலில் வந்தவன் முணுமுணுத்தான். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரங்களுக்கிடையே நாளெல்லாம் நடந்து, அரைப்பேர் போடப்பட்டதற்காகக் கிராணியிடம் வழக்காடிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு அந்த முணுமுணுப்பு நன்கு விளங்கும். எஜமானின் நியாயந்தான் எளிதில் விளங்காது. விடியலில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் அவன் ஒரு காசும் குறைக்கவில்லை என்பதைக்கூட அவர்கள் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனிப்பார்கள்.

இவ்வுவமை கூலியைப் பற்றியதன்று, இறைவனின் கிருபையைப் பற்றியது என வேத ஆசிரியர்கள் விளக்குவர். கிருபையாவது தகுதி பாராது தரப்படும் கொடை. மீட்பு அத்தகைய கொடையே. எவனும் அதனை உழைத்து ஈட்டுதல் இயலாது என்பது கிறிஸ்தவ நெறியின் அடிப்படை. அவ்வாறாயின் முயற்சிக்கு அங்கே என்ன வேலை? ஒழுக்கமும் நோன்பும் வேண்டுதலும் தருமமும் எதற்கு? எல்லாம் அவன் செயல் என்று கைகட்டி இருந்துவிடலாமா? இது வெறும் ஏட்டு வினா அன்று. நல்லவனாக வாழ முயன்று முயன்று தோற்றவனுடைய வாழ்வும், முயன்று வென்று அதனாலேயே செருக்குற்றவனுடைய வாழ்வும் இதன் விடையில் தங்கியிருக்கின்றன.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினா ஒரு பெரும் வழக்காக எழுந்தது. பிரிட்டன் தீவிலிருந்து ரோம் நகருக்கு வந்து வாழ்ந்த பெலாஜியுஸ் என்னும் துறவி ஒழுக்கத்திற் சிறந்தவர். அந்நகரத்தார் பெயரளவில் கிறிஸ்தவர்களாய் இருந்துகொண்டு, தம் குற்றங்களுக்கெல்லாம் மனித இயல்பின் பலவீனத்தைக் காரணங்காட்டியது அவருக்குப் பொறுக்கவில்லை. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராய் இருந்த அகுஸ்தீன் எழுதிய ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில், இறைவன் எதனைக் கட்டளையிடுகிறானோ அதனைச் செய்யும் ஆற்றலையும் அவனே தரவேண்டும் என்ற கருத்தில் ஒரு வேண்டுதல் அமைந்துள்ளது. அதனைக் கேட்ட பெலாஜியுஸ் சினந்தார். கட்டளையிட்டவன் இறைவன், செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய இயலாத ஒன்றை இறைவன் கட்டளையிடுவானா என்பது அவர் வாதம். துறவு பூண்ட தெமெத்ரியாஸ் என்னும் உயர்குடி இளம்பெண்ணுக்கு அவர் எழுதிய கடிதத்தில், ஒழுக்கத்தைக் கற்பிக்கத் தொடங்குமுன் மனித இயல்பு எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதை எடுத்துக்காட்டுவதே தம் வழக்கம் என்கிறார்.

பள்ளி ஆசிரியர் எவரும் பெலாஜியுஸை எளிதில் வெறுக்க மாட்டார். உன்னால் முடியும் என்று ஊக்கி மாணவனை எழுப்புவது நல்லாசிரியர் செய்யும் வேலை. ஆயினும் அகுஸ்தீன் வேறொன்றைக் கண்டிருந்தார். அவர் தம் இளமையில், செய்யத் தக்கது இன்னதென அறிந்தும், அதனை விரும்பியும், செய்ய மாட்டாமல் தவித்தவர். அவரிடம் குறைந்திருந்தது அறிவன்று. விருப்பமே இரண்டுபட்டுக் கிடந்தது. இரண்டுபட்ட உள்ளத்தை நோக்கி முயல்க என்று சொன்னால், முயல வேண்டியது அவ்வுள்ளத்தின் எந்தப் பாதி? 418ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் பேரவை பெலாஜியுஸின் கொள்கையை மறுத்துத் தீர்ப்பளித்தது. பேரவை தீர்த்துவைத்தது; மனித உள்ளம் தீர்த்துக்கொள்ளவில்லை. ஊக்கமிக்க கிறிஸ்தவன் ஒவ்வொரு தலைமுறையிலும் தன்னையறியாமலே பெலாஜியுஸாகத்தான் தொடங்குகிறான்.

ஜான் வெஸ்லி அவ்வாறு தொடங்கியவர். 1885ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கால்கொண்டு, பின்னர் மலாயாவிலும் பரவிய மெதடிஸ்டுச் சபை அவர் வழிவந்தது. அச்சபையில் தமிழில் வழிபடுவோர் இருநாடுகளிலும் உளர். மெதடிஸ்டு என்னும் அப்பெயர் முதலில் ஓர் ஏளனச் சொல்லாக இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 1703ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எப்வர்த் என்னும் ஊரில் ஒரு குருவின் மகனாய்ப் பிறந்த வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் பயின்று 1728ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அங்கே அவரும் அவர் தம்பி சார்லஸும் வேறு சில மாணவர்களும் ஒரு குழுவாய்க் கூடினர். விடியுமுன் எழுந்தனர், புதனும் வெள்ளியும் நோன்பிருந்தனர், சிறைக்கூடம் சென்று கைதிகளைக் கண்டனர். வெஸ்லி தாம் கழித்த ஒவ்வொரு மணி நேரத்திற்கும் நாட்குறிப்பிற் கணக்கெழுதி வைத்தார். இந்த முறை தவறாத ஒழுங்கைக் கண்டு நகைத்த மாணவர்கள் இட்ட பட்டமே, முறைக்காரர் எனப் பொருள்படும் மெதடிஸ்டு என்பது.

பிற்காலத்தில் அவர் வெளியிட்ட அருளுரை ஒன்றில் ஆக்ஸ்போர்டு இளைஞன் ஒருவனின் வரவு செலவு சொல்லப்படுகிறது. ஆண்டுக்கு 30 பவுன் வந்தபோது 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைத் தருமம் செய்தான். 60 பவுன் வந்தபோதும் அதே 28 பவுனில் வாழ்ந்து 32 பவுனைத் தந்தான். 90 வந்தபோது 62. 120 வந்தபோது 92. அவ்விளைஞன் வெஸ்லியே என்பது வரலாற்றாசிரியர் கருத்து. ஒழுக்கத்தால் மீட்பை ஈட்ட முடியுமாயின், இவரைவிட அதற்கு உரிமையுடையவர் அந்நாளில் அரிதாகவே இருந்திருப்பர்.

ஆனால் அவருக்கு அமைதி இல்லை. 1735ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிலிருந்த ஜார்ஜியா குடியேற்றத்திற்கு மிஷனெரியாகக் கப்பல் ஏறினார். அங்குள்ள பழங்குடியினருக்கு நற்செய்தி கூறச் செல்வதாக உலகம் எண்ணியது. தம் சொந்த ஆத்துமாவைக் காத்துக்கொள்ளும் நம்பிக்கையே தலையாய நோக்கம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். பிறருக்குச் செய்யும் தொண்டுகூட அவருக்குத் தம் கணக்கில் வரவு வைக்கும் முயற்சியாகவே அமைந்தது.

அக்கப்பலில் மொரேவியர் என்னும் ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவினர் சிலர் இருந்தனர். மற்றப் பயணிகள் செய்யக் கூசிய ஏவல் வேலைகளை அவர்கள் செய்தனர். கூலி கொடுத்தால் வாங்க மறுத்தனர். வெஸ்லி இதனை வியப்போடு குறித்துவைத்தார். 1736ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், அவர்கள் வழிபாட்டின் தொடக்கத்தில் சங்கீதம் பாடிக்கொண்டிருந்த வேளையில், பேரலை ஒன்று கப்பலின் மேல் விழுந்து பெரும்பாயைக் கிழித்தது. தளங்களுக்கிடையே கடல்நீர் புகுந்தது. ஆங்கிலேயர் அலறினர். மொரேவியரோ நிறுத்தாமற் பாடினர். பின்னர் அவர்களுள் ஒருவரை அணுகி, அச்சமில்லையா எனக் கேட்டார் வெஸ்லி. இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் பிள்ளைகளும் அஞ்சவில்லையா என்றார். அவர்களும் சாவுக்கு அஞ்சுவதில்லை என்பதே விடை. நாட்குறிப்பில் மணிக்கணக்கு எழுதிவந்த வெஸ்லி அஞ்சியிருந்தார்.

ஜார்ஜியாவில் அவர் பணி சிறக்கவில்லை. சபை விதிகளை எழுத்துப் பிசகாமல் நடத்த முயன்றார், குடியேறிகள் கசந்துகொண்டனர். தாம் மணக்க எண்ணியிருந்த பெண் வேறொருவரை மணந்தபின், விதிப்படி முன்னறிவிப்புச் செய்யவில்லை என்று காட்டி அவளுக்குத் திருவிருந்தை மறுத்தார். விதி அவர் பக்கம். நியாயம் அவர் பக்கமா என்பது வேறு வினா. வழக்கு மூண்டது. 1737ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கிருந்து வெளியேறினார். பழங்குடியினரை மனந்திருப்பச் சென்ற தம்மை மனந்திருப்புவார் யார் எனக் கசந்து எழுதினார்.

லண்டனில் பீட்டர் போலர் என்னும் இளம் மொரேவியப் போதகர் அவருக்கு நண்பரானார். விசுவாசம் தமக்கு இல்லை, ஆகவே போதிப்பதை நிறுத்திவிடலாமா என்று வெஸ்லி கேட்டபோது, விசுவாசம் கிட்டும்வரை அதனையே போதியும் என்று அவர் கூறிய அறிவுரை புகழ் பெற்றது. வெஸ்லி தம் வழக்கப்படி விசுவாசத்தையும் ஒரு முயற்சியாகவே மேற்கொண்டு அலைந்தார். 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் மாலை, ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டமொன்றுக்கு மனமின்றியே சென்றார். அங்கே ஒருவர், ரோமர் நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்குக் கால்மணி முன்பாக, தம் உள்ளத்தில் ஓர் இதமான வெம்மை பரவியதையும், கிறிஸ்துவை மட்டுமே தாம் நம்பியிருப்பதையும் உணர்ந்ததாக அவர் குறித்துள்ளார். எத்தனையோ விடியல்களில் தேடியும் கிட்டாதது, மனமின்றிச் சென்ற மாலையில் கிட்டியது.

லூதரும் அதே பாதையில் வந்தவரே. 1505ஆம் ஆண்டில் எர்பர்ட் நகரத்து மடத்தில் சேர்ந்து, நோன்பாலும் விழிப்பாலும் உடலை வாட்டி, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி காணாதவர். அவர் கிளப்பிய வாதத்தால் மேலைத் திருச்சபை இரண்டாய்ப் பிளந்த வரலாறு யாவரும் அறிந்ததே. அதே பொருளைப் பற்றி லூதரன் சபையாரும் கத்தோலிக்கத் திருச்சபையாரும் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு பொது அறிக்கையிற் கையொப்பமிட்டதும், 2006ஆம் ஆண்டில் உலக மெதடிஸ்டுப் பேரவை அதில் இணைந்ததும் அவ்வளவாக அறியப்படவில்லை. சண்டைகள் நினைவில் நிற்குமளவு சமாதானங்கள் நிற்பதில்லை.

வெஸ்லியின் கதை ஆல்டர்ஸ்கேட் தெருவோடு முடிந்திருந்தால், முயற்சி வீண், அருளே போதும் என்ற எளிய பாடமாகிவிடும். பல சாட்சியுரைகள் அவ்விடத்திலேயே நின்றும் விடுகின்றன. ஆனால் ஏழு மாதம் கழித்து, 1739 சனவரியில், தாம் கிறிஸ்தவன் அல்லன் என்று மீண்டும் நாட்குறிப்பில் எழுதினார் வெஸ்லி. உணர்ச்சி வந்தது, போயிற்று. அருள் என்பது உணர்ச்சியன்று என்பதை அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே ஆண்டின் இறுதியில் வேறொரு சோதனை எழுந்தது. அவரும் மொரேவியரும் சேர்ந்து நடத்திய பெட்டர் லேன் சங்கத்தில், மோல்தர் என்னும் போதகர் ஒரு புதுக்கருத்தைப் பரப்பினார். முழு விசுவாசம் அடையாதவர்கள் வேண்டுதல் செய்யவும் வேதம் வாசிக்கவும் திருவிருந்தில் பங்குகொள்ளவும் வேண்டா. அவையெல்லாம் மனித முயற்சிகள். அருள் வரும்வரை அசையாதிருப்பதே முறை என்பது அவர் போதனை. இது தருக்கத்தில் பிழையற்றது போலத் தோன்றும். அருளே எல்லாம் என்றால், அசையாமல் இருப்பவன்தானே அருளை முழுதும் நம்புகிறவன்? அருளின் சிறப்பை அவர்களிடமே கற்ற வெஸ்லி இதனை ஏற்கவில்லை. 1740ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் தம் மறுப்பை எழுதிப் படித்துவிட்டு, இசைந்தவர்களோடு சங்கத்தைவிட்டு வெளியேறினார். முயற்சியால் மீட்பில்லை என்று கண்டவர், முயற்சி வேண்டா என்று சொன்னவர்களைப் பிரிந்தார். அவர் வாழ்வின் முக்கியமான திருப்பம் ஆல்டர்ஸ்கேட் மட்டுமன்று, இதுவுந்தான்.

தமிழ்நாட்டு வைணவருக்கு இவ்வழக்குப் புதிதன்று. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் நெறி. பூனை தன் குட்டியை வாயாற் கவ்விச் செல்வதுபோல இறைவனே உயிரைக் கொண்டுசெல்வான் என்பது தென்கலையார் நெறி. வைணவக் குடியிற் பிறந்து 1858ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியத்தைப் பாடி 1894ஆம் ஆண்டில் வெளியிட்டார். பனியனின் கதையில் யாத்திரிகன் முதுகிற் பாவச்சுமையோடு புறப்படுகிறான். சிலுவையைக் கண்ட மாத்திரத்தில் அச்சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. அவன் கை அதனைத் தொடவுமில்லை. இதுவரை பூனைக்குட்டியின் வழி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சுமை விழுந்தபின்தான் அவன் கடினமலையில் கையும் முழங்காலும் ஊன்றி ஏற வேண்டியிருக்கிறது. ஏறுவதால் சுமை விழவில்லை. சுமை விழுந்ததால் ஏற முடிகிறது. வெஸ்லியின் வாழ்க்கை வரைபடமும் இதுவே.

பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் இதனை அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் கூறுகிறார். மீட்பின் பொருட்டு அச்சத்தோடு பாடுபட வேண்டும் என்கிறது முன்னது. விருப்பத்தையும் செயலையும் உள்ளத்தில் உண்டாக்குபவர் தேவனே என்கிறது பின்னது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் வைத்து வெஸ்லி தம் முதுமையில் ஓர் அருளுரை எழுதினார். இறைவன் உள்ளே செயற்படுவதால் மனிதனாற் செயற்பட முடியும். இறைவன் செயற்படுவதால் மனிதன் செயற்பட்டே ஆகவேண்டும் என்பது அதன் சாரம்.

அரிசித்தட்டின் முன் அமர்ந்து முதலெழுத்துப் பழகும் குழந்தையைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். ஆசிரியர் பிஞ்சு விரலைத் தம் கையில் பற்றி எழுதுவிக்கிறார். விரலை விறைத்துக்கொண்டு தன் போக்கில் இழுக்கும் குழந்தையின் எழுத்துக் கோணிப்போகும். கையை முற்றிலும் தளர்த்திப் போட்டுவிடும் குழந்தையோ நூறு முறை எழுதுவித்தாலும் எழுதக் கற்காது. விறைப்புமின்றித் தளர்ச்சியுமின்றிப் பிடிக்கு இசையும் விரலே எழுத்தைக் கற்கிறது. எழுதி முடித்ததும் குழந்தை தாயிடம் ஓடி, நானே எழுதினேன் என்கிறது. எந்த ஆசிரியரும் அதனை மறுத்துரைப்பதில்லை. இவ்வுவமைக்கும் எல்லையுண்டு, ஆசிரியர் கையை ஒருநாள் எடுத்துவிடுவார், இறைவன் எடுப்பதில்லை என்பர் விசுவாசிகள்.

ஆக, அருள் மனிதனிடமிருந்து எடுத்துவிடுவது முயற்சியை அன்று. முயற்சியைக் காட்டிக் கேட்கும் கூலியை. இது சிறிய வேறுபாடு போலத் தோன்றினும், பிறரை நோக்கும் கண்ணை அடியோடு மாற்றிவிடுகிறது. தன் உழைப்பால் உயர்ந்தேன் என்று நம்புகிறவன், விழுந்தவனைப் பார்த்து இவன் உழைக்கவில்லை என்றே எண்ணுவான். தேர்வில் முதலிடம் பெற்ற மாணவனிடம் அவன் நினைவாற்றலும், இரவில் அவனுக்காக விழித்திருந்த தாயும் அவன் முயற்சியால் வந்தவை அல்ல என்பதை எவரும் சொல்வதில்லை. கடைசி வரிசை மாணவனிடமோ முயற்சி போதாது என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். அவன் முயன்றது போதும் போதும் என்றிருக்கும். சபைகளிலும் இந்நிலையே. ஒழுங்காக வருகிறவர், வராதவரைக் கணக்கெடுக்கிறார்.

விதியைக் காட்டித் திருவிருந்தை மறுத்த அதே வெஸ்லி, 1739ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிஸ்டல் நகருக்கு வெளியே திறந்தவெளியில் நின்று போதிக்கத் தொடங்கினார். ஆலயத்திற்கு வெளியே ஆத்துமாக்களைத் தேடுவதே ஏறக்குறையப் பாவம் என எண்ணியிருந்தவர் அவர். அருகிலிருந்த கிங்ஸ்வுட்டில் அவரைக் கேட்கக் கூடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். ஆலயத்திற்குள் எவரும் எதிர்பார்த்திராத மக்கள். அவர்களிடம் அவர் ஒழுங்கை முதலிற் கேட்கவில்லை. அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் அவர் குதிரைமேலும் வண்டியிலும் கடந்த தொலைவு இரண்டரை இலட்சம் மைல் என்றும், ஆற்றிய அருளுரைகள் நாற்பதாயிரம் என்றும் மதிப்பிடுவர். விடியுமுன் எழும் பழக்கத்தையும் அவர் விடவில்லை. ஆக்ஸ்போர்டில் செய்ததைவிடப் பன்மடங்கு உழைத்தார். ஆக்ஸ்போர்டில் இருந்த பதற்றம் அவ்வுழைப்பில் இல்லை.

மேற்சொன்ன அருளுரை அச்சில் வந்தது 1785ஆம் ஆண்டில். அவ்வாண்டின் சனவரி முதல் வாரத்தில் வெஸ்லி லண்டனில் இருந்தார், வயது 81. குளிர்காலத்தில் சபையின் ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் வழங்குவது அவர்கள் வழக்கம். அவர்களுக்கு உடையும் வேண்டுமே என்ற எண்ணம் அம்முறை அவருக்கு எழுந்தது. ஐந்து நாள் நகரத் தெருக்களில் நடந்து வீடுவீடாய் இரந்தார். உருகும் பனி பல தெருக்களில் கணுக்கால் அளவு கிடந்தது. காலையிலிருந்து மாலைவரை அவர் பாதங்கள் பனிநீரில் ஊறின. சனிக்கிழமை மாலை வயிற்றுக் கடுப்புக் கண்டு படுத்துவிட்டார். அதற்குள் இருநூறு பவுன் சேர்ந்திருந்தது.